சொக்கேகிராவ் மலைக்கு ரோப் கார் போடும் முன் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்

பெரு நாட்டின் கலாச்சார அமைச்சகத்துக்கும், வெளிநாட்டு வணிக, சுற்றுலா அமைச்சகத்துக்கும்,

வணக்கம்.

இந்த மடலின் ஒரு பக்கச் சுருக்கத்தை ஸ்பானிய மொழியில் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். மொழிபெயர்த்துக் கொடுத்த நண்பர் என் கோபத்தையெல்லாம் வடிகட்டிவிட்டார். கடைசியில் வந்தது மரியாதையான, சப்பென்ற ஒரு மனு. நினைத்ததை நினைத்தபடி சொல்ல எனக்குத் தமிழ்தான் வாய்த்திருக்கிறது. பெருவுக்குப் போகத் திட்டமிடும் தமிழர்கள் சிலரும் படிக்கட்டுமே என்பது இன்னொரு காரணம்.

நான் தொல்லியல் படித்தவன் இல்லை. முப்பது ஆண்டுகள் சாலையோர வடிகால்களையும் மலைப்பாதைத் தடுப்புச் சுவர்களையும் வரைந்து, கட்டி, அவற்றில் சில மழையில் சரிந்ததையும் கண்ணால் பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளன். 2024 ஜூலையில் உங்கள் நாட்டுக்கு வந்தேன். முதலில் இன்கர்கள் மலைமேல் கட்டிய மச்சு பிச்சு. பிறகு நான்கு நாள் நடை, அவர்களுடைய இன்னொரு மலையூரின் இடிபாடான சொக்கேகிராவுக்கு. இந்த இரண்டு மலைகளையும் ஒரே மாதத்தில் பார்த்தவனுக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

மச்சு பிச்சுவைப் பற்றி எழுதாத பயணி இல்லை என்பதால் அதை நீட்டப் போவதில்லை. அந்த ஆண்டு ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்று சுற்றுகள், அவற்றின் பத்துப் பாதைகள், மணிக்கணக்கு குறித்த டிக்கெட், ஒரே திசையில் நடை, திரும்பிப் போகக் கூடாது, கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும். எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டேன். இந்த விதிகளைக் குறை சொல்லும் பயணிகளோடு நான் சேர மாட்டேன். இவ்வளவு கூட்டத்தை வைத்துக்கொண்டு வேறு எப்படித்தான் நடத்த முடியும்?

ஆனால் எல்லோரும் மேலே நின்று பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் சுவரடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் இடம் அது. இரண்டு சிகரங்களுக்கு நடுவே குதிரைச் சேணம் போன்ற ஒரு முகட்டில், 2,430 மீட்டர் உயரத்தில், ஓர் ஊரையே கட்டியிருக்கிறார்கள். அடுக்கு வயல் ஒவ்வொன்றின் அடியிலும் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், எல்லாவற்றுக்கும் மேலே வளமான மண். விழும் மழை எங்கும் தேங்காமல் கீழே இறங்கிப் போய்விடும். சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வடிகால் துளைகள். கட்டுமான உழைப்பில் பாதிக்கும் மேல், சுமார் 60 விழுக்காடு, மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது என்பது அங்கே ஆய்வு செய்த நீர்ப் பொறியாளர்களின் கணிப்பு. ஊரை எழுப்பியதாகக் கருதப்படும் இன்கா அரசர் பாச்சாகுட்டியின் காலம் 15ஆம் நூற்றாண்டு. அதற்குப் பின் பல நூறு ஆண்டுகள் காடு மூடிக் கிடந்தும், பராமரிக்க ஆளே இல்லாமலும் அந்த வடிகால் வேலை செய்திருக்கிறது. நான் கட்டிய சுவர்களுக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் எழுதிக் கொடுக்கும்போதே கை நடுங்கும்.

ஆக, மழைக்கு அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். காலடிக்குப் போடவில்லை, போட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அரசர் பரிவாரத்தோடு வந்து தங்கிய நாட்களில்கூட அங்கே சுமார் 750 பேர்தான் இருந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் நாளுக்கு 2,500 பேர் என்று வரம்பு வைத்தீர்கள். பிறகு அது 4,000ஐத் தாண்டியது. 2024 தொடக்கத்தில் 4,500 ஆனது. கூட்டம் மிகும் சில நாட்களுக்கு 5,600. கல் அதேதான், சரிவும் அதேதான். எண் மட்டும் ரப்பராக நீண்டுகொண்டே போகிறது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்த கிரேன் சாய்ந்து இன்டிவாட்டானா என்ற சடங்குக் கல்லின் விளிம்பு உடைந்ததே, அதைப் பற்றி உலகம் முழுதும் எழுதினார்கள். ஒரே அடியில் நேரும் சேதம் செய்தியாகிறது. லட்சக்கணக்கான செருப்புகள் தேய்க்கும் தேய்மானம் செய்தியாவதில்லை.

இனி சொக்கேகிராவ்.

அந்த மலை மக்களின் மொழியான கெச்சுவாவில் அந்தப் பெயருக்குத் தங்கத் தொட்டில் என்று பொருள் சொல்கிறார்கள். குஸ்கோ நகரத்திலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, கச்சோரா ஊரைத் தாண்டி, கபுலியோக் கணவாயில் இறங்கினால் அதற்கு மேல் வண்டி கிடையாது. அங்கிருந்து அபுரிமாக் ஆற்றை எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளை நூல் தெரிந்தது, சத்தம் இல்லை. பேசும் தெய்வம் என்று அந்த ஆற்றுக்கு அர்த்தமாம். பேச்சைக் கேட்க வேண்டுமானால் சுமார் 1,400 மீட்டர் கீழே இறங்க வேண்டும். இறங்கிய பிறகு பாலத்தைக் கடந்து, எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே 1,400 மீட்டரைத் திரும்ப ஏற வேண்டும். இயற்கையின் வட்டிக் கணக்கு.

இறங்கும்போது முழங்கால் போனது. ஏறும்போது மூச்சு போனது. ஆற்றங்கரையில் வெக்கை, மேலே இரவில் பற்கள் தந்தியடிக்கும் குளிர். நடுவில் ஒரு பூச்சி. பூமா வகாச்சி என்று அங்கே சொல்கிறார்கள்: பூமா என்ற மலைச்சிங்கத்தையே அழவைப்பது. கடுகளவுதான் இருக்கும். கடித்த இடம் ஒரு வாரத்துக்கு அரித்தது. பூமா அழுததில் வியப்பில்லை.

என் மூட்டையை ஒரு கோவேறு கழுதை சுமந்தது. கழுதையை ஓட்டி வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். கணவாயில் கிளம்பும் முன் மூன்று கொக்கா இலைகளை விசிறிபோல் விரல்களில் பிடித்து, மலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்து, ஊதி, ஒரு கல்லிடுக்கில் செருகினார். பிறகு எனக்கும் ஒரு கைப்பிடி இலை கொடுத்தார். எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி இருநூறு சொல் தேறும். அவருக்கும் கெச்சுவாதான் வீட்டு மொழி. இரண்டு பேருக்கும் அந்நியமான ஒரு மொழியில் நான்கு நாட்கள் பேசிக்கொண்டோம். அதனால்தானோ என்னவோ, சுற்றி வளைக்காமல் பேசினோம்.

இரண்டாம் நாள் மதியம் மரம்பாட்டா. மலைவிளிம்பில் தொங்கும் சில வீடுகள், கூடாரம் போட இடம், முட்டையும் அரிசிச் சோறும் சமைத்துக் கொடுக்கும் பெண்கள், ஒரு சின்னக் கடை. அந்தக் கடையின் சோடா விலையைக் கேட்டு ஒரு வெள்ளைக்கார இளைஞர் முகம் சுளித்தார். அதே சோடா கழுதை முதுகில் இரண்டு நாள் பயணம் செய்து வந்திருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் நடந்தால் இடிபாடுகள், சுமார் 3,050 மீட்டர் உயரத்தில். காடு நீக்கி வெளியே தெரிவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம் என்கிறார்கள். மற்றதெல்லாம் இன்னும் மரத்துக்கும் கொடிக்கும் அடியில். நீண்ட மண்டபங்கள், நடுவில் ஒரு திடல், முகட்டோரமாக ஓடிவரும் வாய்க்கால். ஒரு குன்றின் தலையைச் சீவிச் சமமாக்கி உஷ்னு என்ற சடங்கு மேடை அமைத்திருக்கிறார்கள். அந்த விளிம்பில் நின்றால் மூன்று பக்கமும் அதலபாதாளம். காண்டோர் கழுகு ஒன்று எனக்குக் கீழே பறந்தது. பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது எனக்கு அதுவே முதல் முறை.

லாமா உருவங்கள் இருப்பது மலையின் மறுபக்கச் சரிவில். லாமா என்பது அந்த மலைகளில் சுமை தூக்கும், ஒட்டக இனத்து விலங்கு. செங்குத்தாக இறங்கும் அடுக்கு வயல்களின் தாங்கு சுவர்களில், கருநிறக் கற்களுக்கு நடுவே வெள்ளைக் கற்களைப் பதித்து அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். இருபதுக்கும் மேல். சுவர் கட்டிய பிறகு தீட்டியதோ ஒட்டியதோ இல்லை. சுவர் எழும்போதே உருவமும் எழுந்திருக்கிறது. கல் அடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் இதன் சிரமம் புரியும். பாரம் தாங்கும் சுவரில் கல்லின் அளவையும் நிறத்தையும் சேர்த்து யோசிப்பதென்றால், ஒவ்வொரு வரிசைக்கும் முன்கூட்டியே கணக்கு இருந்திருக்க வேண்டும். 2000க்குப் பிறகுதான் இவை வெளியே தெரியவந்தன. 1909இல் அமெரிக்க ஆய்வுப் பயணி ஹிராம் பிங்காம் இதே மலைக்கு வந்தார். இரண்டு ஆண்டு கழித்து மச்சு பிச்சுவுக்குப் போய்ப் பெயர் வாங்கினார். அவர் இங்கே நின்றபோது லாமாக்கள் காட்டுக்கு அடியில் நின்றிருந்தன.

அன்று பகல் முழுவதும் அந்த மலையில் நான் எண்ணிய ஆட்கள் 19 பேர். என்னையும் சேர்த்து.

இந்த மலைக்குத்தான் ரோப் கார் போட வேண்டும் என்று பத்தாண்டுக்கும் மேலாகப் பேசிவருகிறீர்கள். 2013 வாக்கில் வெளியான திட்டப்படி, பள்ளத்தாக்குக்குக் குறுக்கே சுமார் 5 கிலோமீட்டர் கம்பி. 15 நிமிடப் பயணம். மணிக்கு 400 பேர். வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று அபுரிமாக், குஸ்கோ இரு பிராந்தியங்களும் இழுபறியில் இறங்கின. ஆட்சிகள் மாறின, தேதிகள் மாறின. திட்டம் மட்டும் சாகவில்லை. குஸ்கோவுக்கு அருகே சின்செரோவில் புதிய விமான நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. வந்து இறங்கும் கூட்டத்தை மச்சு பிச்சு ஒன்றே தாங்காது, வேறொரு மலை வேண்டும். உங்கள் மேசையிலிருந்து பார்த்தால் இதில் நியாயம் இருப்பதை மறுக்கவில்லை.

என்னைப் போன்ற பயணி இந்த இடத்தில் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. தான் கஷ்டப்பட்டுப் பார்த்ததை மற்றவர்களும் கஷ்டப்பட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று கொடி பிடிப்பது. நானும் முதல் நாள் இரவு கூடாரத்தில் கிடந்து அப்படித்தான் நினைத்தேன். அது அசல் சுயநலம். நடக்க முடியாத ஒருவருக்கு அந்த லாமாக்களைப் பார்க்க உரிமை இல்லையா? என் முழங்கால் இன்னும் ஐந்து ஆண்டு கழித்துக் கணவாயிலேயே என்னை உட்கார வைத்துவிடும். அப்போது நானே டிக்கெட் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

கழுதைக்காரரிடம் கேட்டேன்: ரோப் கார் வந்தால் நல்லதா கெட்டதா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வளைவு தாண்டிய பிறகு சொன்னார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நல்லது என்று. பிறகு, அது மரம்பாட்டாவில் நிற்குமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை நிற்காது, எதிர்க்கரையிலிருந்து நேராக இடிபாடுகளுக்கு வரும் என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். எங்கள் தலைக்கு மேல் வெறும் வானம். அந்த இடத்தில் பெட்டிகள் போவதை அவர் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. சோடாக் கடை, கூடார இடம், சோறு, கழுதை, எல்லாவற்றுக்கும் மேலே, எதிலும் நிற்காமல்.

ரோப் காரின் லாப நட்டத்தை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை. காய்ச்சலுக்கு வண்டி வேண்டும். ஆனால் வரப்போகும் வண்டி காய்ச்சல் இருக்கும் ஊரில் நிற்காது.

உங்கள் நாட்டிலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. வடக்கே குவெலாப். இன்கர்களுக்கு முந்தைய சச்சாபோயா மக்கள் கட்டிய மலைக்கோட்டை. 3,000 மீட்டர் உயரம், இடத்துக்கு இடம் 20 மீட்டர் வரை எழும் மதில். 2017 மார்ச்சில் அங்கே ரோப் கார் திறந்தீர்கள். ஒன்றரை மணி நேரச் சாலைப் பயணம் 20 நிமிடமாகச் சுருங்கியது; வருகை ஏறக்குறைய இரட்டிப்பானது. 2022 ஏப்ரல் 10 அன்று மதிலின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கோட்டையை ஓராண்டுக்கும் மேல் மூட வேண்டியதாயிற்று. ரோப் கார் இருந்தது. போய்ப் பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

ரோப் கார்தான் மதிலைத் தள்ளியது என்று சொல்லவில்லை. தள்ளியது மழை. சுவருக்குள் இறங்கிய நீர் வெளியேற வழி இல்லாவிட்டால் சுவர் கர்ப்பிணி வயிறு போல முன்னால் பிதுங்கும். பிறகு ஒரு நாள் விழும். இதைப் பொறியியல் முதலாண்டு மாணவனும் அறிவான். இந்தச் சரிவுக்குப் பின்னால் இருந்த முன்பின் வரிசைதான் என் கவலை. வண்டிக்குத் திறப்பு விழா முதலில், சுவரின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது அப்புறம். வண்டிக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், ஏனென்றால் அதில் ரிப்பன் வெட்டலாம். வடிகாலில் ரிப்பன் கட்ட இடமில்லை. என் துறையில் முப்பது ஆண்டு பார்த்த கதைதான். அடுத்த கண்டத்திலும் அதே கதையா என்று மனம் விட்டுப்போனது.

ஆகவே ரோப் கார் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. மரம்பாட்டாவில் வாழ்பவர்கள் சொல்லட்டும். நான் கேட்பது, முதல் தூணுக்குக் குழி தோண்டும் முன் ஓர் எண்ணை அறிவியுங்கள் என்பதுதான். சொக்கேகிராவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர்?

எண் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். மணிக்கு 400 பேர், எட்டு மணி நேரம் ஓடினால் 3,200 பேர். இது இயந்திரம் சொல்லும் எண். இயந்திரத்தின் எண்ணை ஏற்றுக்கொண்டால், முதலீட்டைத் திரும்ப எடுக்க அந்தப் பெட்டிகளை நிரப்பியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி முதல் நாளிலேயே வந்துவிடும். எனக்கு வேண்டியது சுவர் சொல்லும் எண். அடுக்கு வயல்களின் வடிகால் என்ன நிலையில் இருக்கிறது, லாமாச் சரிவின் செங்குத்தான படிகளில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் ஏறி இறங்கலாம், காட்டுக்கு அடியில் கிடக்கும் மீதிப் பகுதியின் மேல் நடைபாதை போகிறதா, இவற்றையெல்லாம் அளந்துவிட்டு வரும் எண். அது 300 ஆகலாம், 600 ஆகலாம். எவ்வளவாக இருந்தாலும் அதைக் கொண்டு ரோப் கார் கட்டுப்படியாகுமா என்று பிறகு பாருங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் அதுவே உங்களுக்கான விடை.

எண்ணைச் சொல்லிக் காப்பாற்ற உங்களால் முடியாது என்று யாராவது சொன்னால் நான் உங்கள் பக்கம் பேசுவேன். மச்சு பிச்சுவுக்கு மலைவழியாக நடந்துபோகும் இன்கா பாதையில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறீர்கள்? நாளுக்கு 500 பேர், சுமைதூக்குவோரையும் வழிகாட்டிகளையும் சேர்த்து. உலகமே வரிசையில் நின்றாலும் 500தான். பிப்ரவரியில் பாதையை மூடிச் செப்பனிடுகிறீர்கள். சுமைதூக்குபவரின் முதுகில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2001இல் சட்டம் போட்டீர்கள். அந்தச் சட்டம் எல்லா முகாம்களிலும் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு பேச்சு. ஆனால் எண்ணை எழுதி வைத்ததால்தான் மீறினால் மீறல் என்று சொல்ல முடிகிறது. மச்சு பிச்சுவில் நீண்டதும் இன்கா பாதையில் நீளாததும் ஒரே நாட்டின் எண்கள்தான்.

இன்னொன்று. எதிர்க்கரையிலிருந்து வரும் கம்பிக்கு மரம்பாட்டா பக்கம் ஒரு நிறுத்தம் வைக்க முடியுமா என்று உங்கள் பொறியாளர்களைக் கேளுங்கள். செலவு கூடும், நிலச்சரிவு அபாயம் உண்டு, கோணம் ஒத்துவராது என்று ஒரு பட்டியல் வரும். என்னிடம் யாராவது இப்படிக் கேட்டபோதெல்லாம் நானும் அதே பட்டியலைத்தான் நீட்டினேன். திரும்பவும் கேளுங்கள். இரண்டாவது முறை கேட்டால்தான் பொறியாளன் உண்மையிலேயே கணக்குப் போடுவான்.

கடைசி நாள், கணவாயில் மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கழுதைக்காரர் என்னிடம் ஒன்று கேட்டார். நான் பொறியாளன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். ரோப் கார் வந்தால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. இன்னொரு கழுதை வாங்கலாமா, இருப்பதை விற்றுவிடலாமா என்ற கணக்கு. எனக்குத் தெரியாது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கழுதையின் வயிற்றுவாரை இறுக்கிக் கட்டினார்.

இந்த மடலுக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். எண்ணை முடிவு செய்த பிறகு அதை ஸ்பானிய மொழியிலும் கெச்சுவாவிலும் பெரிய எழுத்தில் அச்சடித்து, மரம்பாட்டா கடைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். சோடாப் புட்டிகள் அடுக்கியிருக்கும் பலகைக்கு வலப்பக்கம் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
2024 ஜூலையில் அந்த மலையில் இருந்த 19 பேரில் ஒருவன்